வாசலைத் தாண்டினால் வெளிநாடு

மெத்தைக்கடைக்காரர் அன்று மத்தியானம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் இனிமேல் தானும் ஒரு ஆளாக இருப்பது.

முடிவுக்கு வரும்போது அவர் படுத்திருந்தார். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாமே படுத்த நிலையில் எடுக்கப்பட்டவைதான். எழுந்து உட்கார்ந்தால் அவற்றில் பாதி கலைந்துவிடும். செருப்பை மாட்டினால் மீதியும் போய்விடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. மெத்தை வாங்க வருகிறவர்கள் கடைக்கு நடுவில் படுத்துப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். அதனால் இவரே படுத்துக் காட்டுவார். காட்டியவர் திரும்ப எழுந்திருக்காததைப் பார்த்து, வேறு எதுவும் கேட்காமல் அதே மெத்தையை வாங்கிப் போனவர்கள் உண்டு.

கடையின் பின்பக்கத்தில் பஞ்சு அடிக்கும் மிஷின் ஓடும். அது ஓடி நின்ற பிறகு வெகுநேரத்துக்குப் பஞ்சு காற்றில் மிதந்துகொண்டிருக்கும். கதவு வழியாக வெயில் உள்ளே விழும்போது ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மினுங்கும். அதில் ஒரு இழையைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு, அது எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது அவருக்கு வழக்கம். இதுவரை ஒன்றுகூட இறங்கி அவர் பார்த்ததில்லை. அதற்குள் கண் சொருகிவிடும்.

இப்போது அந்தக் கண்கள் சொருகும் போதெல்லாம் ஒரே காட்சிதான் வந்தது. மாடி அறை.

வீட்டின் மொட்டை மாடியில் ஒற்றை அறை ஒன்று இருந்தது. பல வருஷமாக உடைந்த நாற்காலிகளும் பழைய பலகைகளும் குடியிருந்த அறை. போன வாரம் ஒரு தச்சர் வந்து அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால், அடியில் இருந்தது அரண்மனை! மூன்று பக்கமும் ஜன்னல். ஒரு ஜன்னலில் காற்று நுழைந்து இன்னொன்றில் வெளியேறியது. தரையில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்தது. மெத்தைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். கடையிலேயே நல்ல மெத்தை ஒன்றை அங்கே போட்டு, அதில் தான் மல்லாந்து, மேகம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அப்படியே தெரிந்தது.

அதே வாசலில் பக்கத்தில் நின்ற மனைவிக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவளுடைய தையல் மிஷின்.

கடைக்கு வேண்டிய மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் தைப்பவள் அவள்தான். மிஷின் இருந்தது சமையலறை மூலையில். அங்கே ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். ஊசியில் நூல் கோக்க, எழுந்து வாசல்வரை வர வேண்டும். சாயங்காலம் ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் வடியும். மெத்தைக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்வார். அடுப்பு கேஸ் அடுப்பு என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வராது.

"இந்த ரூமுக்கு மிஷினைக் கொண்டு வந்துடலாமா?" என்றாள் மனைவி.

"பார்க்கலாம்" என்றார் அவர்.

"நான் பார்த்துட்டேன்" என்றாள் அவள்.

இந்த 'பார்த்துட்டேன்'தான் அவரை உறுத்தியது. அந்த வீட்டில் அவள் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இந்த ஒரு அறையையாவது விடக் கூடாது என்று மெத்தைக்காரர் பல்லைக் கடித்தார். பிறகு வாய் வலித்ததால் விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் கழுத்து வலிக்கு ஒரு தலையணை வாங்க அடுத்த வீட்டு வாத்தியார் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். அன்று காலைதான் ரேடியோவில் எங்கேயோ ஒரு நாட்டில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் தகராறு என்று சொல்லியிருந்தார்கள்.

"வாத்தியாரே, ஜனாதிபதி பெரியவரா, பிரதமர் பெரியவரா?" படுத்தபடியே கேட்டார் மெத்தைக்காரர்.

"எந்த நாட்டுல?"

"நாட்டுக்கு நாடு மாறுமா?"

"மாறாம? சில நாட்டுல ஜனாதிபதிதான் எல்லாம். ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. மந்திரிங்க எல்லாம் அவரோட ஆளுங்க. பிரதமர்னு ஒருத்தர் இருக்கவே மாட்டாரு. அரசாங்கத்தை அவரேதான் இழுத்துக்கிட்டுப் போகணும்."

"இன்னொரு வகை?"

"அங்க ரெண்டு பேரும் உண்டு. பிரதமர் நாற்காலி சபை கையில. சபையில பாதிப் பேருக்கு மேல காலையில கை தூக்கி 'வேண்டாம்'னுட்டா, சாயங்காலம் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மெத்தைக்காரர் மனதுக்குள் தன் வீட்டுச் சபையைக் கூட்டிப் பார்த்தார். அவர், மனைவி, அப்பா. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அப்பா எப்போதும் காபி வரும் திசையில் கை தூக்குபவர். ஆக, பிரதமர் பதவி இந்த வீட்டில் தனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தாங்காது.

"ஜனாதிபதியை அப்படித் தூக்க முடியாதா?"

"லேசுல முடியாது. காலம் முடியற வரைக்கும் கால் மேல கால் போட்டு உட்காரலாம். நாட்டுக்கே முதல் ஆள் அவருதான். இருக்கறதுலயே பெரிய மாளிகை அவருக்கு. எல்லா உத்தரவும் அவர் பேராலதான் போகும். அவர் சம்மதம் இல்லாம எதுவும் சட்டம் ஆகாது. வெளிநாடு கிளம்பினா வாசல்ல மரியாதை அணிவகுப்பு..."

வாத்தியாரின் குரல் மெத்தைக்குள் இறங்கிக்கொண்டே போனது. பெரிய மாளிகை. மூன்று பக்கமும் ஜன்னல். மாளிகையின் சுவர்கள் பஞ்சால் ஆனவை, தொட்டால் விரல் உள்ளே போனது. படிக்கட்டும் பஞ்சு. ஏற ஏறக் கால் வலிக்கவேயில்லை. மேலே ஒரு கட்டில், கட்டிலுக்கு மேலே கூரைக்குப் பதில் வானம். மேகங்கள் வரிசையில் நின்று, "ஐயா, போகலாமா?" என்று கேட்டன. அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொன்றாகப் போயின.

வெளியே வாத்தியார் "ஆனா" என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருந்தார்.

கண் விழித்தபோது வாத்தியாரும் இல்லை, தலையணையும் இல்லை. தைத்த உறைகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முகம் என்னவோ பளிச்சென்று இருந்தது.

"எப்ப வந்தே?"

"இப்பதான். நீங்க தூங்குங்க" என்றாள். அவ்வளவு அன்பாக அவள் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே விஷயத்தை எடுத்தார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலும் பச்சைக் கொடி, சிவப்புக் கொடியும் இன்னும் அவர் நாற்காலிக் கையில் தொங்கின.

"இன்னையிலேருந்து இந்த வீட்டுக்கு ஒரு ஜனாதிபதி, ஒரு பிரதமர்" என்றார் மெத்தைக்காரர்.

"யாரு யாரு?"

"நான் ஜனாதிபதி."

"சரி."

பட்டாணி உரிக்கும் கை நிற்கக்கூட இல்லை. எதிர்ப்பை முறியடிக்க அவர் யோசித்து வைத்திருந்த வசனங்கள் அத்தனையும் தொண்டையிலேயே நின்றுபோயின.

"என்ன சரி? சண்டை போட மாட்டியா?"

"எதுக்குங்க? உயரத்துல உட்காரணும்னு ஆசைப்படறீங்க. உட்காருங்க. நான் கீழே பிரதமரா ஏதோ என்னால முடிஞ்சதைப் பார்த்துக்கறேன்."

"எல்லாம் என் பேராலதான் நடக்கணும்."

"உங்க பேராலதான்."

"என் சம்மதம் இல்லாம எதுவும் சட்டம் ஆகக் கூடாது."

"எப்படி ஆகும்? சம்மதத்துக்கு ஒரு அடையாளம் வெச்சுக்குங்க. மாமாவோட பச்சைக் கொடி இருக்கே. அதை ஆட்டினா சட்டம், ஆட்டலைன்னா இல்லை."

கொடி! மெத்தைக்காரருக்கு மேல் எல்லாம் சிலிர்த்தது. அந்த உற்சாகத்தில் யாரும் கேட்காத ஒன்றை அவரே சேர்த்தார்.

"காலையில நான் கடைக்குப் போறேனே, அது வெளிநாட்டுப் பயணம். வாசல்ல மரியாதை வேணும்."

மனைவி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "கடை வெளிநாடா?"

"ஆமா."

"அப்போ நாடு எதுவரைக்கும்?"

"கேட் வரைக்கும். கேட்டைத் தாண்டினா வெளிநாடு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஜனாதிபதி யோசிக்காம பேச மாட்டாரு."

"சரிங்க. மாமா விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டி அனுப்பி வைப்பாரு. ஆனா நீங்க வெளிநாட்டுல இருக்கறப்போ நாடு அனாதையா நிக்கக் கூடாதே. துணை ஜனாதிபதி ஒருத்தர் வேணுமே?"

மெத்தைக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஆபத்தில்லாத ஆள் ஒருவர்தான் இருந்தார், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். "அப்பாவே இருக்கட்டும்."

"மாமா, துணை ஜனாதிபதியா இருக்கீங்களா?"

"காபி உண்டாம்மா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார் கார்டு.

"உண்டு மாமா."

"இருக்கேன்."

மறுநாள் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அப்பா பழைய தொப்பியுடன் விறைப்பாக நின்றிருந்தார். விசில் ஊதியது. பச்சைக் கொடி அசைந்தது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு லேசாகக் குனிந்தாள். மெத்தைக்காரர் கேட்டைத் தாண்டி, தெருவில் ஓடிய ஒரு நாய்க்குக் கையசைத்து, வெளிநாட்டு மண்ணில் காலை வைத்தார். கடைவரை கால் தரையில் படவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களை அவர் சொர்க்கம் என்றுதான் சொல்லியிருப்பார். சாயங்காலம் வீடு திரும்பினால் விசில். உள்ளே நுழைந்ததும் கொடி அவர் கைக்கு வரும். மனைவி எதிரில் வந்து நிற்பாள்.

"ஜனாதிபதி அவர்களே, இன்னைக்குக் கத்திரிக்காய் சமைக்கலாம்னு சபை முடிவு பண்ணியிருக்கு. உங்க சம்மதம்?"

அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல மோட்டுவளையைப் பார்ப்பார். பிறகு கொடியை ஆட்டுவார். கத்திரிக்காய் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும். அந்த வாசனை வந்தும் அவருக்கு உறைக்கவில்லை. திரைச்சீலை மாற்றினார்கள், கொடி. கார்டுக்குப் புதுக் கண்ணாடி, கொடி. மனைவியின் தங்கை வந்து தங்கிவிட்டுப் போனாள், கொடி. ஜனாதிபதியாக இருப்பது தோள்பட்டைக்கு நல்ல பயிற்சி என்று அவர் வாத்தியாரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

"ஏம்மா, ஒரு டீ."

"அப்படி ஒண்ணும் நான் ஆலோசனை சொல்லலையே" என்றாள் மனைவி.

"ஆலோசனையா? நான் ஜனாதிபதி. உத்தரவு போடறேன்."

"போடலாம். பிரதமர் சொல்ற உத்தரவைத்தான் போடணும். வாத்தியார் சொன்னாரே, 'ஆனா அவரா எதுவும் செய்ய முடியாது, பிரதமரும் மந்திரிகளும் சொல்றபடிதான்'னு. அப்போ நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. நான் உறையை மடியில வெச்சுக்கிட்டு முழுப் பாடத்தையும் கேட்டேன்."

மெத்தைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வழி கண்ணில் பட்டது. "நான் அந்த வகை ஜனாதிபதி இல்லை. அந்த முதல் வகை! அரசாங்கம் முழுக்க என் கையில!"

"அப்படியா? இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அங்க பிரதமரே கிடையாது. நான் போய்ப் படுக்கறேன். சமையல் ஆகணும். மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்தணும். மாமாவுக்கு மாத்திரை, வெள்ளை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் பின்னாடி. அஞ்சாறு உறைக்கு ஓரம் அடிக்கணும். வரட்டுமா?"

அன்று முழு அதிகாரமும் படைத்த ஜனாதிபதியாக மெத்தைக்காரர் மத்தியானம் வரை ஆட்சி நடத்தினார். மோட்டாரைப் போட்டவர் நிறுத்த மறந்தார். மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அதைப் பார்த்து மயங்கி நின்றதில் அடுப்பில் இருந்தது கரிந்தது. தட்டில் விழுந்ததைக் கார்டு புதுக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த நாட்டுச் சாப்பாடுடா?"

"ஜனாதிபதி நாட்டுதுப்பா."

"அப்போ பிரதமரை எழுப்புடா."

பிரதமர் எழுந்து வந்தாள். பழைய முறை திரும்பவும் அமலுக்கு வந்தது. அதற்கும் அவரே கொடி ஆட்டினார்.

அன்று சாயங்காலமே மாடி அறை விஷயம் சபைக்கு வந்தது. ஜனாதிபதிக்குச் சபையில் ஓட்டுக் கிடையாது என்பதை மனைவி வருத்தத்தோடு தெரிவித்தாள். அவள் கை தூக்கினாள். கார்டு காபித் தம்ளரைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. மாடி அறை இனித் தையல் அறை, ஜனாதிபதியின் சம்மதத்தை வேண்டி நிற்கிறது.

"திருப்பி அனுப்பறேன்! மறுபடி யோசிங்க!" என்றார் மெத்தைக்காரர். அப்படி ஒரு உரிமை உண்டு என்று வாத்தியாரிடம் அவர் புதிதாகக் கேட்டு வைத்திருந்தார்.

"யோசிச்சாச்சு" என்றாள் மனைவி. மறுபடி கைகள் உயர்ந்தன. "ரெண்டாவது தடவை வந்தா மறுக்கக் கூடாதுங்க. அதையும் வாத்தியார்தான் சொன்னாரு."

மெத்தைக்காரர் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டே மதில் பக்கம் ஓடினார். "வாத்தியாரே! சம்மதம் சொல்ல எவ்வளவு நாள் கெடு?"

"சில நாட்டுல கெடு உண்டு" என்றது மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குரல். "சில நாட்டுல கெடு எதுவும் எழுதலை. ஜனாதிபதி பாட்டுக்கு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம்."

அவர் நிமிர்ந்தார். பல வருஷத்தில் முதல்முறையாகத் தன் முதுகில் எலும்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்தார். மனைவியின் கண் முன்னால், பச்சைக் கொடியை மடித்து நாற்காலியில் போட்டார். அதன் மேல் உட்கார்ந்தார்.

"நான் மறுக்கலை. சம்மதமும் சொல்லலை. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மனைவி காபித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். சமையலறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாள் கடை திறப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, மெத்தைக்காரர் ஒரு மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போனார். கொடியைத் தலையணைக்கு அடியில் வைத்து மல்லாந்தார். அவர் நினைத்திருந்தது அப்படியே நடந்தது. காற்று ஒரு ஜன்னலில் வந்து அவர் நெற்றியைத் தொட்டுவிட்டு இன்னொன்றில் போனது. வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் நகர்ந்தது. மேகம் ஒன்று ஜன்னலுக்குள் பாதி தெரிந்தது, மீதிப் பாதி வருவதற்குக் காத்திருந்தார். உடம்பு கனமில்லாமல் போனது. தான் படுத்திருக்கிறோமா மிதக்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. எங்கேயோ ரொம்பக் கீழே, இன்னொரு ஊரில்போல, தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும், நிற்கும். நின்றால் வெகுநேரம் நிற்கும். நூல் அறுந்திருக்கும், கோக்க வாசலுக்குப் போயிருப்பாள் என்று அரைத் தூக்கத்தில் நினைத்தார். அந்த நினைப்பு மட்டும் மெத்தைக்கு அடியில் ஒரு பஞ்சுக்கொட்டை மாதிரி உறுத்தியது. புரண்டு படுத்தார்.

அடுத்த நாள் கடைக்குப் போயே ஆக வேண்டும். மனைவி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாததால், வாசலில் மரியாதை இருக்காது என்றுதான் அவர் நினைத்தார். கொடியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவிலிருந்து கேட் வரைக்கும் சிவப்புத் துணி விரித்திருந்தது! கடையிலிருந்து வந்த மெத்தைத் துணிதான். மடிப்புக் கலையாமல், ஒரு சுருக்கம் இல்லாமல், ராஜபாட்டையாகக் கிடந்தது. அப்பா தொப்பியோடு நின்றார். வாத்தியாரும் அவர் மனைவியும் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் காத்திருந்தார்கள்.

"கோவமெல்லாம் நமக்குள்ளங்க. நாட்டு மரியாதை வேற" என்றாள் மனைவி.

மெத்தைக்காரர் செருப்பின் தூசியைத் தட்டிவிட்டார். சிவப்புத் துணியில் காலை வைத்தார். இரண்டு எட்டு நடந்ததும் கார்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"டேய், கொடி எங்கடா? கொடி காட்டாம நான் ஒரு வண்டியையும் அனுப்பினதில்லை."

சட்டைக்குள் கை போனது. ஒரு நொடி தயங்கியது. ஏதோ ஒன்று அவரை உள்ளே பிடித்து இழுத்தது. ஆனால் வாத்தியார் பார்க்கிறார். வாத்தியாரின் மனைவி பார்க்கிறாள். சிவப்புத் துணி காலடியில் மெத்தென்று இருக்கிறது. கொடி இல்லாமல் என்ன மரியாதை? எடுத்து அப்பா கையில் கொடுத்தார். விசில் ஊதியது, கொடி அசைந்தது, ஜனாதிபதி கேட்டைத் தாண்டினார்.

அன்று கடையில் அவர் கண்ட கனவுகள் எல்லாம் சிவப்பு நிறம். வானம்வரை ஒரு துணி விரித்திருந்தது. அவர் அதன் மேல் நடந்துகொண்டே இருந்தார். ஒரு இடத்தில் துணி முடிந்தது. அடுத்து எங்கே கால் வைப்பது என்று குனிந்து பார்த்தபோது விழிப்பு வந்தது.

சாயங்காலம் தெருமுனை திரும்பியதுமே அந்தச் சத்தம் கேட்டது. தையல் மிஷின். சத்தம் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. மெத்தைக்காரர் ஓடினார்.

"அப்பா! என்னப்பா இது?"

"நீ கேட்டைத் தாண்டினே. மருமக வந்து, 'மாமா, ஜனாதிபதி நாட்டுல இல்லை. நிலுவையில ஒரு சட்டம் இருக்கு'ன்னா. கையில கொடி இருந்துச்சு. ஆட்டினேன்."

"நான் கடையிலதானே இருந்தேன்!"

"கேட்டுக்கு அந்தப் பக்கம் வெளிநாடுன்னு நீதானேடா சொன்னே?"

"ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா?"

"பச்சை காட்டினப்புறம் வண்டியை நிறுத்திக் கேள்வி கேக்கறது கார்டு வேலை இல்லைடா" என்றார் அப்பா. இரண்டாவது காபித் தம்ளர் அவர் பக்கத்தில் காலியாக இருந்தது.

மெத்தைக்காரர் படிகளில் ஏறினார். இந்தப் படிகள் பஞ்சால் ஆனவை இல்லை, ஒவ்வொன்றும் முழங்காலுக்குத் தெரிந்தது. சண்டை போடுவதற்கான வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார்.

அறை வாசலில் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே, மூன்று ஜன்னலுக்கும் நடுவில் மிஷின். சாயங்கால வெயில் அதன் சக்கரத்தில் பட்டு மஞ்சளாக உருண்டது. மனைவி எதிர் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே, ஒரே தடவையில் கோத்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. காற்றில் நூல் தும்புகள் மிதந்தன. ஒன்று மெதுவாக இறங்கி அவள் தலைமுடியில் உட்கார்ந்தது. இறங்கி ஒரு இடத்தில் உட்கார்ந்த இழையை மெத்தைக்காரர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

அடுக்கி வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போயின. அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக எப்படி முகத்தில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று எழுந்து வந்தாள் மனைவி. "திறப்பு விழா ஜனாதிபதி கையாலதான் நடக்கணும்."

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். பின்னால் படியேறி வந்த கார்டு விசில் ஊதினார். மெத்தைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி ரிப்பனை வெட்டினார். வெட்டியதும், தோற்றுப்போன மாதிரியே இல்லை அவருக்கு.

"உரை" என்றாள் மனைவி.

"நான் எதுவும் தயார் பண்ணலையே."

"ஜனாதிபதி உரையை அரசாங்கம்தானே எழுதிக் கொடுக்கும்? நீங்க படிச்சாப் போதும்."

காலையில் அவர் நடந்து போன அதே சிவப்புத் துணியைச் சுருளாகக் கையில் வைத்திருந்தாள். அதில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு முனையைக் கார்டு பிடித்துக்கொள்ள, அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பிரியப் பிரிய அவர் படித்தார். அவருக்கு நல்ல கணீர்க் குரல்.

"பெருமக்களே! இந்தத் தையல் அறையைத் திறந்து வைப்பதில் நான் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்."

கார்டு கைதட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் வாத்தியாரும் தட்டினார். குரல் இன்னும் உயர்ந்தது.

"இந்த அறைக்குத் தேவையான துணிக் கட்டுகளைத் தினமும் காலையில் மாடிக்குச் சுமந்து வரும் பெரும் பொறுப்பை, நாட்டின் முதல் ஆளாகிய நானே..." குரல் கொஞ்சம் இறங்கியது. சுருள் நிற்காமல் பிரிந்தது. "...நானே மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன். மத்தியானம் நான் இங்கே வந்து தூங்க விரும்பினால்..."

கண்கள் விரிந்தன. மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் துணியைப் பிரித்தது.

"...ஜன்னல் ஓரமாக ஒரு மெத்தை போட்டிருக்கிறது. குறட்டை விடாமல் தூங்கலாம்."

ஜன்னல் ஓரத்தில் மெத்தை போட்டுத்தான் இருந்தது. புது உறை, ஓரம் அடித்தது. மெத்தைக்காரருக்குக் கண் கலங்கியது. அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை, சாக்குக்கட்டி எழுத்து போன வழியே குரலும் போனது. கடைசி வரியை அறை அதிர, தெரு முழுக்கக் கேட்கும்படி படித்து முடித்தார்:

"தூங்கி எழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, கீழே போகும்போது இந்தத் துணியைச் சுருட்டி எடுத்துப்போய்த் துவைத்துப் போடவும்."